ம் சார்

பேய் என்று ஒன்று கிடையாது; உலகத்தில் இருப்பதெல்லாம் மட்டமான மைக் மட்டுமே. இந்த உண்மையை மனித குலத்துக்காகக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்த இடம் என் சித்தி வீட்டு உள்ளறை, கருவி காதில் பாதி கழன்று தொங்கிய ஒரு ஹெட்போன். மகத்தான கண்டுபிடிப்புகள் எளிய இடங்களில்தான் நிகழும் என்று சொல்வார்கள். இதுவரை யாரும் சொல்லாவிட்டால் இனிமேல் சொல்லட்டும்.

சித்தி கணக்கு டீச்சர். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபிறகு, கணக்கில் கோட்டை விட்டு மறுதேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக இணையத்தில் பாடம் எடுக்க ஆரம்பித்தார். எல்லாம் இலவசச் செயலிகள். படம் பிடிக்க ஒன்று, எழுதிக்காட்ட வெள்ளைப்பலகை ஒன்று, பாடம் முடிந்ததும் கேள்வி கேட்டு மார்க் போட ஒன்று, பேசுவதைக் கேட்டுக் கேட்டு அடியில் எழுத்தாக ஓடவிட ஒன்று. பார்க்கிற பிள்ளைகளுக்கும் இலவசம். இரண்டு பக்கமும் காசே நகராமல் ஒரு தொழில் நடக்க வாய்ப்பில்லை என்று எங்கள் கல்லூரிப் பொருளாதாரப் பேராசிரியர் பாடமே நடத்தியிருக்கிறார். சித்தி அவரைக் கேட்டுக்கொண்டு தொடங்கவில்லை.

இவற்றோடு இன்னோர் இலவசமும் அந்த வீட்டில் இருந்தது. சித்தப்பா.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டும் அவர் கைப்பட்டதுதான். சுவரில் காதை வைத்து அது முனகுவதைக் கேட்டே எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் இல்லை என்று சொல்லிவிடுவார். கணக்கு மட்டும் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. பாடம் பதிவாகும்போது, போன் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், படத்தில் விழாத இடமாகப் பார்த்து ஒரு முக்காலியைப் போட்டு உட்காருவார். சித்தி ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துவார். சித்தப்பா "ம்" என்பார். சித்தி அடுத்த வரிக்குப் போவார். சித்தப்பாவுக்கு விளங்காவிட்டால் "ம்ஹும்" வரும். சித்தி திரும்பவும் சொல்வார். அவருக்கே விளங்கிவிட்டால் உலகத்துக்கே விளங்கும் என்பது சித்தியின் கல்விக் கொள்கை.

முதல் நாள் சித்தி அவரை அழைத்து உட்காரவைத்ததற்குக் காரணம் எளிது. போனைப் பார்த்துப் பேசினால் சுவரோடு பேசுகிறமாதிரி இருக்கிறது, யாராவது உம் கொட்டினால்தான் வாய் நகர்கிறது என்றாராம். அதற்குப்பிறகு எடுத்த எல்லாப் பாடத்திலும் படத்துக்கு வெளியிலிருந்து அந்த "ம்" கேட்கும். கட்டைக்குரல், கொஞ்சம் மூக்கடைப்பு. ஆளை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் அவருக்கு "ம் சார்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் கொடுத்த மொத்தச் சொற்பொழிவும் ஒரே எழுத்துதான் என்றாலும் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள்.

போன மழைக்காலத்துக்கு முன்பு ம் சார் போய்விட்டார். நெஞ்சுவலி. காலையில் வேலைக்குக் கிளம்பியவர் மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார், வராதமாதிரி.

அதோடு பாடங்கள் நின்றன. பாதியில் நின்றது ஒரு பாடம். நிகழ்தகவில் 'சாரா நிகழ்ச்சிகள்' என்று ஒரு பகுதி. மறுதேர்வு நெருங்க நெருங்க, "டீச்சர், அது எப்ப வரும்?" என்று பிள்ளைகள் அடியில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். சித்தி அம்மாவிடம் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம். இந்த ஒரு பாடத்தை எடுத்துப் பார்ப்பது. எடுக்க வந்தால் தொடர்வது. வராவிட்டால் இனி தனக்குப் பாடம் எடுக்கவே வராது என்று அர்த்தம். எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தெருமுனை மருந்துக்கடையில் பில் போடப் போவது. கடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லியிருக்கிறார்.

"போய்க் கூட நில்லுடா" என்றார் அம்மா. "நாள் பூரா போனும் கையுமா இருக்கியே, ஒரு தடவையாவது அதனால யாருக்காவது பிரயோஜனம் ஆகட்டும்."

அம்மா தவறான ஆளைத்தான் அனுப்பினார். ஏனென்றால் அப்போதுதான் எங்கள் கல்லூரி இதழில் 'உம் கொட்டுவோர் சங்கம்' என்று நான் ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தேன். தமிழில் வாயைத் திறக்காமலே முழுதாகச் சொல்லக்கூடிய எழுத்து 'ம்' ஒன்றுதான், மூளையைத் திறக்காமல் சொல்லக்கூடியதும் அதுவே என்று அதில் நிறுவியிருந்தேன். கேட்காதவன் கேட்பதுபோல் நடிப்பதற்கு இயற்கை கொடுத்த வசதி அது. வருங்காலத்தில் கருவிகள் கேட்கும், மனிதன் சும்மா இருக்கலாம். கட்டுரையைத் துறைத்தலைவரிடம் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு "ம்" என்றார்.

சித்தி வீட்டில் நான் செய்த முதல் சேவை, பழைய பாடங்களைச் சுத்தம் செய்தது. இரைச்சலை நீக்கும் செயலி ஒன்று, அதுவும் இலவசம். ஒரு பாடத்தைக் கொடுத்தேன். எங்கெல்லாம் 'ம்' வந்ததோ அங்கெல்லாம் சிவப்பாகக் கோடு போட்டு, "இந்த இரைச்சலை நீக்கவா?" என்று பணிவாகக் கேட்டது. நீக்கச் சொன்னேன். நடுவிலிருந்த இடைவெளிகளையும் நறுக்கிவிட்டேன். பாடம் பாதியாகச் சுருங்கி வழவழவென்று ஆகிவிட்டது. பெருமையோடு ஏற்றினேன்.

முதலில் வந்த கேள்வி, "ம் சார் எங்க?" அடுத்தது, "டீச்சர், சவுண்டு கெட்டுப்போச்சு." துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஒற்றைக் காதில் பாடம் கேட்கிற ஒரு பெண் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தாள். 'ம்' வருகிற அந்த நேரத்தில்தான் அவள் எழுதிக்கொள்வாளாம். அவருக்கும் இப்போதுதான் விளங்கியிருக்கிறது என்று ஒரு தைரியமாம். இப்போது டீச்சர் யாரோ துரத்துவதுபோல ஓடுகிறார் என்று முடித்திருந்தாள்.

சித்தி என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்தார்.

"பழசை அழிச்சிடலையே?"

"வெச்சிருக்கேன் சித்தி."

"அதையே போட்டுடு" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியம் முதல் பதிவு. முன்னறையில் ஒரு மேஜை, ஜன்னல், மின்விசிறி, சுவரோரமாகப் போன் ஸ்டாண்டு, அதற்குப் பக்கத்தில் அந்த முக்காலி. வீட்டில் மற்ற எல்லா நாற்காலியிலும் துணி, பை, செய்தித்தாள் என்று ஏதாவது உட்கார்ந்திருக்கும். முக்காலி மட்டும் காலி. அதன் மேல் யாரும் எதையும் வைப்பதில்லை. கால் இடறுகிறது என்று நான் தூக்கிப்போய் அடுப்பங்கரை ஓரமாகப் போட்டேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் அது பழைய இடத்தில் இருந்தது. சித்திதான் எடுத்து வைத்திருப்பார். வேறு யார் வைப்பார்கள்.

என்னைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது என்று சொல்லிச் சித்தி என்னை உள்ளறைக்கு அனுப்பினார். ஹெட்போனோடு கட்டிலில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு காசு, ஒரு பகடை. காசைச் சுண்டினால் தலை விழலாம், பூ விழலாம். பகடையை உருட்டினால் ஒன்றிலிருந்து ஆறு வரை எதுவும் விழலாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் சித்தி நிறுத்தினார். மூச்சு வாங்குவதற்கான இடைவெளியைவிடக் கொஞ்சம் அதிகம். சரியாக ஒரு 'ம்' உட்காரக்கூடிய அளவு. அந்த இடத்தில் எதுவும் இல்லை என்பது ஹெட்போனில் நன்றாகக் கேட்டது.

சாரா நிகழ்ச்சி என்றால் என்ன என்று சொல்கிற இடம் வந்ததும் தடுக்கியது. பாதி வரி சொன்னார். திரும்ப ஆரம்பித்தார். அதற்கப்புறம் பொத்தானை அமுக்கும் சத்தம்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்டா."

வந்தவரைக்கும் எப்படி இருக்கிறது என்று பார்க்க, எழுத்துப் போடும் செயலியில் ஓடவிட்டேன். அது எப்போதுமே நல்ல நகைச்சுவை. நிகழ்தகவை 'நிகழ்ந்த கனவு' என்று எழுதியிருந்தது. பகடையைப் 'பாக்கெட்' ஆக்கியிருந்தது. சாரா நிகழ்ச்சிகளைச் 'சார் நிகழ்ச்சிகள்' என்று மாற்றியிருந்தது. 'தலை விழும்' என்பதை மட்டும் சரியாக எழுதி, படிக்கிறவனை மிரட்டியது. சிரித்துக்கொண்டே கீழே வந்தேன்.

'ஒரு காசு எடுத்துக்குவோம்' என்ற வரிக்குக் கீழே, தனியாக ஒரு வரி இருந்தது. 'ம்.'

அடுத்த வரிக்குக் கீழேயும் இருந்தது. அதற்கடுத்ததற்கும். சித்தி எங்கெல்லாம் நிறுத்தினாரோ அங்கெல்லாம்.

சத்தத்தை முழுசாகக் கூட்டி அந்த இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். எதுவும் இல்லை. டீ டம்ளரோடு சித்தி பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"இது பழைய பாடமா?"

"இல்ல சித்தி. இப்ப எடுத்தது."

சித்தி அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அழவில்லை, பயப்படவும் இல்லை. திரையை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். பரீட்சைத்தாள் திருத்துகிறவர்கள் கண் போகிறமாதிரி போனது.

"கரெக்டாத்தான் சொல்லியிருக்கார்" என்றார்.

அந்த நொடியில்தான் நான் முதலில் சொன்ன அந்த மகத்தான உண்மை எனக்குள் உதித்தது. மின்விசிறி, என்று அறிவித்தேன். விசிறி 'ம்ம்ம்' என்று ஓடுகிறது. சித்தி பேசும்போது அது அமுங்கிப்போகிறது, நிறுத்தும்போது மேலே வருகிறது, முட்டாள் செயலி அதைப் பேச்சு என்று நினைக்கிறது. மட்டமான மைக், அவ்வளவுதான். ஒரு விளக்கத்தில் இத்தனை பேரை விடுவித்த திருப்தி எனக்கு. சித்தி டீயைக் குடித்துவிட்டு, "சரி விஞ்ஞானி" என்றார்.

மறுநாள் விசிறியை நிறுத்தி எடுத்தோம். வேர்த்துக் கொட்டியது. அதே இடத்தில் சித்தி தடுக்கி நின்றார். அதே இடங்களில் 'ம்' வந்தது. ஃபிரிட்ஜ் என்றேன். அதையும் பிடுங்கிவிட்டு எடுத்தோம். பால் கெட்டது. 'ம்' கெடவில்லை.

நான் மனம் தளரவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு அறையை வெறும் காதால் சுற்றி வந்தேன். ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை. மேஜைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. முக்காலிக்குப் பின்னால் இருந்த சுவரில் காதை வைத்தேன். உள்ளே, கீழேயிருந்து எழுந்து மேலே போய் அடங்கியது, கட்டையாக, கொஞ்சம் மூக்கடைத்தமாதிரி.

ம்.

காதை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஓடிப்போய் சித்தியிடம் சொன்னேன். லிஃப்ட்! அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் லிஃப்ட் போகிற பள்ளம். யாராவது ஏறினால் முனகுகிறது, இறங்கினால் முனகுகிறது, செயலி அதைத்தான் எழுதியிருக்கிறது.

"அது அவர் பார்த்துக்கிட்ட லிஃப்ட்தான்டா" என்றார் சித்தி.

"இருக்கட்டுமே, அதனால என்ன?"

"ஒண்ணுமில்ல. சொன்னேன்."

சித்தி நிறுத்துகிற இடமாகப் பார்த்து ஒவ்வொரு தடவையும் யாரோ லிஃப்டில் ஏறியிருக்கவேண்டுமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லவில்லை. ஆராய்ச்சியில் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லக்கூடாது.

அடுத்த நாள் மதியம் வாட்ச்மேன் அண்ணனிடம் போய் லிஃப்டை அரைமணி நேரம் நிறுத்தமுடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். பேய் இல்லை என்று நிரூபிக்க, என்றேன். தண்ணீர்த் தொட்டி கழுவ என்று சொன்னமாதிரி சாதாரணமாகத் தலையாட்டிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார்.

"நிறுத்தறேன் தம்பி. ஆனா ஒண்ணு. மெக்கானிக் சார் போனதுக்கப்புறம் இதைப் பார்க்க ஆளே வரல. நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன். அது என்னடான்னா முன்னைவிட நல்லா ஓடுது. யாரோ தினம் வந்து பார்த்துட்டுப் போற மாதிரி."

"நல்ல கம்பெனி லிஃப்டா இருக்கும்ணே" என்றேன்.

"இருக்கும்" என்றார் அவர், என் மனத்தை நோகடிக்க விரும்பாத குரலில்.

மூன்றாம் மாடிப் பல் டாக்டர் இரண்டு கையிலும் பைகளோடு வந்து லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று கத்தினார். அறிவியல் காரணம் என்று சொன்னேன். அவர் சொன்ன பதிலில் அறிவியல் இல்லை. என் குடும்பத்தைப் பற்றிய சில தகவல்கள் இருந்தன. படியேறிப் போனார்.

விசிறி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, லிஃப்ட் இல்லை. வீட்டுக்குள் அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நல்ல வெயில் நேரம். ஜன்னல் வழியாக வெளிச்சம் முக்காலியின் மேல் பளிச்சென்று விழுந்திருந்தது. இந்த முறை நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். சித்தி ஆரம்பித்தார். காசு. நிறுத்தினார். சுவர் சும்மா இருந்தது. பகடை. நிறுத்தினார். அதற்குப்பிறகு நிறுத்தவில்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. இருட்டில் படியிறங்குகிறவர் கடைசிப் படி எது என்று தெரியாமல் காலை நீட்டுகிறமாதிரி வார்த்தைகளை நீட்டினார். அந்த இடம் வந்தது.

"இது ரெண்டும் சாரா நிகழ்ச்சிகள். ஒண்ணு நடந்தாலும் சரி, இல்லாமப் போனாலும் சரி, இன்னொண்ணுக்கு அதனால எந்த மாற்றமும் வராது."

முதல் தடவையாக முழுவரியும் வந்துவிட்டது. சொல்லிவிட்டு சித்தி தலையைத் திருப்பி முக்காலியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கையை நீட்டிப் பதிவை நிறுத்தினார்.

நான் செயலியில் ஓடவிட்டேன். திரை முழுக்கச் சித்தியின் வரிகள் மட்டும். காசு, பாக்கெட், நிகழ்ந்த கனவு. ஒரு 'ம்' கூட இல்லை. லிஃப்ட்தான்! வென்றுவிட்டேன். சித்தியை இழுத்துவந்து உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகக் காட்டிக்கொண்டே கீழே வந்தேன். இங்கே பாருங்கள் சித்தி, ஒன்றுமில்லை. இங்கே, ஒன்றுமில்லை.

கடைசி வரி. இன்னொண்ணுக்கு அதனால எந்த மாற்றமும் வராது.

அதற்குக் கீழே, 'ம்ஹும்.'

விரல் அங்கேயே நின்றுவிட்டது. சத்தத்தைக் கூட்டி அந்த இடத்தைக் கேட்டேன். ஒரு மூச்சு மட்டும் இருந்தது. இழுத்து, விட்ட மூச்சு. அது சித்தியுடையதாகத்தான் இருக்கவேண்டும். அந்த அறையில் கணக்குக்கு வந்த மூக்கு அது ஒன்றுதான்.

செயலி பழைய பாடங்களையெல்லாம் கேட்டுப் பழகியிருக்கிறது, இந்த டீச்சர் நிறுத்தினால் இப்படி ஒரு பதில் வரும் என்று கற்றுக்கொண்டு தானாகவே எழுதுகிறது என்று ஆரம்பித்தேன். நல்ல விளக்கம்தான். உறுதிப்படுத்திக்கொள்ள அந்தச் செயலியின் உதவிப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே தெளிவாகப் போட்டிருந்தது: இலவசப் பயனாளர்களுக்கு நினைவு வசதி கிடையாது. நினைவு வேண்டுமென்றால் பணம் கட்டவேண்டும்.

சித்தி அதைப் படித்துவிட்டு லேசாகச் சிரித்தார். சிரிப்பு முடியும்போது முகம் வேறு மாதிரி இருந்தது.

"அவர் ஒத்துக்கலடா" என்றார். "நானும்தான் ஒத்துக்கல. வாய் சொல்லுது. ஒண்ணு இல்லாமப் போனா இன்னொண்ணுக்கு எந்த மாற்றமும் வராதாம். இத்தனை வருஷமா இதைச் சொல்லிக்கொடுத்திருக்கேன், ஒரு நாளும் நாக்கு கூசினதில்ல. இப்ப சொல்றப்ப பொய் சாட்சி சொல்ற மாதிரி இருக்கு."

"கணக்குதானே சித்தி. புக்குல இருக்கிறதைச் சொல்லிட்டுப் போங்க."

"சொல்லிட்டுப் போறதுக்கு புக்கே போதுமே, நான் எதுக்கு?" என்று எழுந்தார். "விடுடா. பார்த்தாச்சு. சாயங்காலம் மருந்துக்கடைல சொல்லிட்டு வந்துடறேன். அந்தப் பிள்ளைங்களுக்கு வேற யாராவது நல்லா எடுத்ததைத் தேடி அனுப்பிடு."

ஸ்டாண்டை மடிக்கப் போனார். துணிக்கடைப் பெண் ஒற்றைக் காதோடு எங்கோ நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு அவளைத் தெரியாது. நினைத்தேன், அவ்வளவுதான்.

"சித்தி, ஒரே ஒரு தடவை. மைக் டெஸ்ட்" என்றேன். "மைக்கைப் பக்கத்துலேர்ந்து பார்த்தாத்தான் தெரியும்."

"எங்கேர்ந்து பார்ப்ப?"

பக்கத்தில் உட்கார இருந்தது ஒரே இடம்தான். சித்தி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் போய் உட்கார்ந்தேன்.

முக்காலி வெயிலில் கதகதவென்று இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனமாதிரி. வெயில்தான், ஜன்னல் வெயில். அங்கே உட்கார்ந்தால் முதுகு தானாகவே சுவரில் சாய்கிறது. அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து வழவழப்பாக இருந்ததை அதுவரை நான் கவனிக்கவில்லை. வாட்ச்மேன் அண்ணன் லிஃப்டைப் போட்டுவிட்டார் போல. முதுகுக்குப் பின்னால் அது மெல்ல உயிர்பெற்றது.

சித்தி தொடங்கினார். இத்தனை நாளாக உள்ளறையிலும் வாசற்படியிலும் இருந்து கேட்டதில் ஒன்று தெரியாமல் போயிருந்தது. சித்தி ஒவ்வொரு வரி முடித்ததும் போனைப் பார்ப்பதில்லை. இங்கேதான் பார்க்கிறார். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று, கதவைத் தட்டிவிட்டு நிற்கிறவர்கள் பார்க்கிறமாதிரி பார்க்கிறார். நான் மைக்கைப் பார்த்தேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். எனக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது; கட்டுரையாகவே வந்திருக்கிறது.

காசு என்று நிறுத்தியபோது முதுகுக்குப் பின்னால் லிஃப்ட் மேலே போனது. ம். பகடை என்று நிறுத்தியபோது கீழே வந்தது. சித்தி ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனார். எனக்குக் கழுத்தில் வேர்த்தது. விசிறியை நிறுத்தியிருந்தோம், அதனால்.

பிறகு அந்த வரி.

"ஒண்ணு நடந்தாலும் சரி, இல்லாமப் போனாலும் சரி, இன்னொண்ணுக்கு அதனால எந்த மாற்றமும் வராது."

நிறுத்தினார். பார்த்தார். லிஃப்ட் நின்றுவிட்டிருந்தது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சுவருக்குள் யாரோ காத்திருப்பதுபோல ஓர் அமைதி. எனக்கு நிகழ்தகவு தெரியாது. எங்கள் துறையில் அது கிடையாது. ஆனால் அந்த வரி சரியில்லை என்று என் முகம் எனக்குச் சொல்லாமலே சித்தியிடம் சொல்லிவிட்டது போலிருக்கிறது. சித்தியின் கை பொத்தானை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கண் என் முகத்திலேயே இருந்தது.

"இல்ல, இரு. வேற மாதிரி சொல்றேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

"இந்தக் காசுக்குப் பகடையைத் தெரியாது. பகடைக்குக் காசைத் தெரியாது. ஒண்ணையொண்ணு தெரியாததுங்க. அதனாலதான் ஒண்ணு எப்படி விழுந்தாலும் இன்னொண்ணுக்குக் கவலையில்ல. தெரியாததுங்களுக்கு மட்டும்தான் இந்த விதி, புரியுதா? கூட இருந்து பழகினதுங்களுக்கு இது செல்லாது. அதுக்கு வேற விதி இருக்கு. அது அடுத்த பாடம்."

நிறுத்தினார்.

போனில் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. சித்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்டுக்காகக் கொஞ்ச நேரம் காத்தேன். அது அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரும் எனக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது.

வாயைத் திறக்காமல், "ம்" என்றேன்.